வந்தும் ஒலிக்காத செய்தி: ஒரு செம்பனை ஆலையின் திங்கட்கிழமை

2025 அக்டோபர் 13, திங்கட்கிழமை காலை 10.40. ஆலையின் கொதிகலன் பகுதியிலிருந்து அலுவலகக் குழுவுக்கு ஒரு செய்தி போனது: "கொதிகலன் குழாயில் கசிவு. நெருப்பை இறக்குகிறோம். மறுபடி சொல்லும்வரை லோரிகளை அனுப்ப வேண்டாம்." அந்தக் குழுவில் பத்துப் பேர். மதியம் ஒரு மணிவரை ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை. அதற்குள் ஆலை வாசலில் பதினொரு லோரிகள் குலைகளோடு வரிசைகட்டி நின்றன.

செய்தி எங்கும் தொலையவில்லை. சில நொடிகளிலேயே ஒவ்வொருவர் கணினிக்கும் வந்து சேர்ந்திருந்தது. வந்ததைச் சொல்லும் ஒலியும் திரையின் ஓரத்தில் எழும் அறிவிப்பும்தான் வரவில்லை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் கணினிகளை விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றியவர்கள், கணினிப் பட்டறை வைத்திருக்கும் நானும் என் உதவியாளரும். ஆகவே என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதிவைக்கும் கடமை எனக்கு இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. எடை மேடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அன்று மாலையே எச்சரிக்கைக் கடிதம் தயாராகிவிட்டது. "வேலை நேரத்தில் செய்திகளைக் கவனிக்கத் தவறினார்" என்பது குற்றச்சாட்டு. அந்த ஒரு வரி பொய் என்று காட்டுவதற்காகத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினேன்.

ஊர், ஆலை, காத்திருக்கும் குலை

எங்கள் ஊருக்கு அரசாங்கப் பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்துச் சனங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னை மரத்தின் பெயர் வாய்த்ததில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பெருமை. நான் எழுதும் ஆலை அந்தத் தோட்டத்தைச் சேர்ந்ததன்று. அதன் பெயரும் இங்கே தேவையில்லை.

ஒரு செய்தி இரண்டு மணி நேரம் கவனிக்கப்படாமல் கிடந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று வெளியாள் கேட்கலாம். செம்பனைக் குலையை அறிந்தவர் கேட்கமாட்டார். வெட்டிய குலை அடிபட்டதும் பழத்துக்குள் இருக்கும் லைபேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். தனிக் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலையை ஆவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பார்கள். ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், 140 பாகை வெப்பத்தில் வேகும்போது நொதி செத்துவிடும், பழமும் காம்பிலிருந்து கழன்றுவரும். அந்த ஆவியைத் தருவது கொதிகலன். கொதிகலன் நின்றால் ஆலையே நின்றது. கச்சாச் செம்பனை எண்ணெய் வணிகத்தில் தனிக் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கமான வரம்பு. அதைத் தாண்டினால் விலையில் பிடித்தம்.

ஆலை நிற்கும்போது செய்ய வேண்டியவை மூன்று: வெட்டை நிறுத்துவது, ஏற்றாத லோரியை ஏற்றாமல் வைப்பது, ஏற்றியதை வேறு ஆலைக்குத் திருப்புவது. மூன்றுக்குமே செய்தி வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

என் அப்பா தோட்டத்தில் தண்டலாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவராக இருந்தவர். விடியலுக்கு முன்னே, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்து ஆட்களைக் கூட்டுவார். அந்தச் சத்தம் கடைசி லயம்வரை கேட்கும். கேட்காத வீட்டின் கதவைப் போய்த் தட்டிவிட்டு வருவார். மணி அடித்துவிட்டோம் என்பதோடு அவருடைய வேலை முடிந்ததில்லை. ஆலையின் பழைய வாக்கிடாக்கிக்கும் அதே பழக்கம் இருந்தது: பேசியவருக்கு எதிர்முனையிலிருந்து "கேட்டது" என்று பதில் வரும்வரை அவர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்திக் கூப்பிடுவார். செய்திச் செயலிக்கு மாறிய நாளில், அனுப்பியவரின் திரையில் விழும் ஒரு சின்னக் குறியை அந்தப் பதிலுக்கு ஈடாக நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அந்த வார இறுதி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவதாக மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. நாங்கள் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டோம். அக்டோபர் 20 தீபாவளி. அதற்கு முன் முன்பணப் பட்டியலும் விடுமுறைச் சம்பளக் கணக்கும் முடிய வேண்டும் என்பதால் 11, 12 தேதிகளில் மாற்றிவிடச் சொன்னார்கள்.

மொத்தம் எட்டுக் கணினிகள். அலுவலகத்தின் ஏழும் இருந்த நிலையிலேயே விண்டோஸ் 11-க்கு ஏறின, பயனர் கணக்குகளும் கோப்புகளும் அப்படியே இருந்தன. எடை மேடைக் கணினி மட்டும் ஏறவில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அது ஆறாம் தலைமுறை. ஆகவே அந்த மேசைக்குப் புதுக் கணினி வைத்தோம்.

ஞாயிறு மாலை சோதித்தோம். ஒவ்வொரு கணினியிலும் என் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, செய்திச் செயலியை அந்தக் கணக்கில் நிறுவி, உதவியாளரின் கைப்பேசியிலிருந்து செய்தி அனுப்பினோம். எட்டிலும் ஒலி கேட்டது, எட்டிலும் வலது கீழ்மூலையில் அறிவிப்பு எழுந்தது. "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் சோதனை செல்லாது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

தவறான முதல் ஊகங்கள்

செவ்வாய் காலை ஆலைக்குப் போனபோது இணையத்தைத்தான் எல்லாரும் பழித்தார்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இணையம் தடுமாறும் என்பது உண்மை. ஆனால் செயலியைத் திறந்து பார்த்தால் 10.40 செய்தி 10.40-க்கே வந்ததாகப் பதிவாகியிருந்தது. இணையத்தின்மீது குற்றமில்லை.

அடுத்து நான் சந்தேகப்பட்டது விண்டோஸின் 'தொந்தரவு செய்யாதே' நிலையை. அது தானாக இயங்குவதற்குச் சில விதிகள் உண்டு. பெரிய மேம்படுத்தலுக்குப் பின் முதல் ஒரு மணி நேரம் அறிவிப்புகளை அடக்கிவைப்பது அவற்றில் ஒன்று. மேம்படுத்தலுக்குப் பின் அறிவிப்பு வரவில்லை என்றதும் இந்த விதி கைக்கு வசதியாகக் கிடைக்கிறது. நானும் ஒரு கணம் நிம்மதியானேன். ஆனால் அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி காலை ஏழரைக்கே கணினியைத் திறந்துவிட்டார். செய்தி வந்தது மூன்று மணி நேரம் கழித்து. அதோடு செவ்வாய் காலையிலும் நிலைமை மாறவில்லை. அந்த ஊகமும் கழிந்தது.

நேரங்களை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குப் பெரிய கிராணிதான் காரணம். முப்பது ஆண்டுகளாக எந்தத் தகவல் எப்போது வந்தது, யார் சொன்னார் என்று ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருபவர். திங்கட்கிழமைப் பக்கத்தில் 10.40-க்கு எதுவும் இல்லை. "மணி 1.05. மேனேஜர் போனில் சொன்னார். கொதிகலன் நின்றுவிட்டது" என்றுதான் இருந்தது.

இரண்டு நோய், ஒரே அறிகுறி

எட்டுக் கணினிக்கும் ஒரே கோளாறு என்று நினைத்ததுதான் எங்களை அரை நாள் அலைக்கழித்தது. பெரிய கிராணியின் கணினியையும் எடை மேடைக் கணினியையும் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கிய பிறகே வழி திறந்தது.

விண்டோஸில் கடிகாரத்தை அழுத்தினால் அறிவிப்பு மையம் திறக்கும். அடக்கிவைக்கப்பட்ட அறிவிப்புகள் அங்கே குவிந்திருக்கும். எடை மேடைக் கணினியில் திறந்தபோது திங்கட்கிழமைச் செய்திகள் அத்தனையும் அங்கே இருந்தன, கொதிகலன் செய்தியும் இருந்தது. பெரிய கிராணியின் கணினியில் மின்னஞ்சல் அறிவிப்புகள் இருந்தன, செய்திச் செயலியிடமிருந்து ஒன்றுகூட இல்லை. முதல் கணினியில் அறிவிப்பு பிறந்து, வாய் பொத்தப்பட்டிருந்தது. இரண்டாவதில் பிறக்கவே இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்ட அந்த நிமிடத்துக்காக மற்ற எல்லா அலைச்சலையும் மறந்துவிடலாம்.

எடை மேடையை முதலில் சொல்கிறேன். அங்கே நாள் முழுதும் திரையை நிறைத்து ஓடுவது எடை மென்பொருள். லோரி எண், ஏற்றிய எடை, வெற்று எடை, சீட்டு. 'தொந்தரவு செய்யாதே' நிலைக்கு இன்னொரு விதி உண்டு: ஏதாவது ஒரு செயலி முழுத்திரையில் ஓடும்போது தானாக அமைதி காப்பது. படம் பார்ப்பவருக்கு அது வசதி. எடை மேடையில் அது நாள் முழுவதற்கும் வாய்ப்பூட்டு. அமைதி நிலை இயங்குவதைக் காட்ட மணிச் சின்னம் ஒன்று கடிகாரத்தின் அருகே தோன்றும். ஆனால் முழுத்திரையில் கடிகாரமே மறைந்துவிடுகிறது. அந்தப் பெண் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்?

பழைய கணினியில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை என்னிடமே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த மேசையில் வேலை பார்த்தவர் இதே குறையைச் சொன்னபோது நான்தான் அந்த விதியை அணைத்துவைத்தேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. புதுக் கணினி தொடக்க அமைப்போடு வந்தது. என் நினைவில் மட்டும் இருந்த ஒரு திருத்தம் பழைய கணினியோடு கிடங்குக்குப் போய்விட்டது.

இனி அலுவலகக் கணினிகள். ஏழிலும் 'தொந்தரவு செய்யாதே' அணைந்திருந்தது. அமைப்புகளில் செய்திச் செயலிக்கு அனுமதியும் இருந்தது. ஆனாலும் மௌனம். என் நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால் அதே கணினி அதே செய்தியை உரக்கச் சொல்கிறது. ஆகவே கோளாறு கணினியில் இல்லை, பயனர் கணக்கில் இருக்கிறது என்று ஆனது. இரண்டு கணக்குகளையும் ஒவ்வொரு கோப்புறையாக ஒப்பிட்டேன். கிராணிகளின் ஸ்டார்ட் மெனு காலியாக இருந்தது.

அதைக் காலி செய்தவன் நான். பத்தாண்டுக் காலக் குப்பை அங்கே சேர்ந்திருந்தது. எப்போதோ நீக்கிய மென்பொருள்களின் குறுக்குவழிகள் எல்லாம் கிடந்தன. மேம்படுத்தலோடு மெனுவும் துப்புரவாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு பயனரின் ஸ்டார்ட் மெனுவிலும் இருந்த குறுக்குவழிகளை மொத்தமாக நீக்கும் நான்கு வரி நிரலை ஓட்டினேன். பணிப்பட்டையில் பொருத்திய சின்னங்கள் அப்படியே இருந்ததால் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. செயலியும் திறந்தது, செய்தியும் போனது, வந்தது.

ஆனால் இவ்வகை மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றில், அறிவிப்பை அனுப்புவது யார் என்று விண்டோஸ் அடையாளம் காண்பது ஸ்டார்ட் மெனுவில் உள்ள அதன் குறுக்குவழியைக் கொண்டுதான். அந்தக் குறுக்குவழிக்குள் செயலியின் அடையாளக் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். குறுக்குவழி இல்லையென்றால் செயலி கொடுக்கும் அறிவிப்பை விண்டோஸ் ஏற்காது, பிழை என்று யாருக்கும் சொல்லவும் செய்யாது. ஞாயிறன்று என் கணக்கில் செயலியைப் புதிதாக நிறுவியபோது குறுக்குவழியும் புதிதாக உருவானது. அதனால்தான் என் சோதனையில் எட்டும் தேறின. நான் சோதித்தது என் கணக்கை. வேலை நடப்பது அவர்கள் கணக்கில்.

இங்கே உதவியாளர் ஒரு நல்ல பாடத்தைக் கண்டுபிடித்தார். நான் விளக்கியதும் அவர் ஒரு கணினியில் குறுக்குவழியைக் கையால் உருவாக்கி ஸ்டார்ட் மெனுவில் வைத்துவிட்டார். பெயர், சின்னம், எல்லாம் பழையதைப் போலவே இருந்தன. அறிவிப்பு வரவில்லை. கையால் செய்த குறுக்குவழிக்குள் அந்த அடையாளக் குறியீடு இல்லை. செயலியை அந்தப் பயனரின் கணக்கிலேயே மறுபடி நிறுவிய பிறகுதான் மூலையில் அறிவிப்பு எழுந்தது.

பணிப்பட்டைச் சின்னத்தின்மேல் சிவப்பு எண் தோன்றியதே, அதையாவது பார்த்திருக்கலாமே என்று மேனேஜர் கேட்டார். விண்டோஸ் 11 சின்னங்களை இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்திவிடுகிறது. பத்தாண்டு பழகிய கண் இடப்பக்க மூலைக்குத்தான் போகும். அதுவும் தீபாவளி முன்பணப் பட்டியலில் தலை கவிழ்ந்திருந்த காலை அது. காதை நம்பி வேலை செய்தவர்களிடம் கண்ணை ஏன் திருப்பவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

கைப்பேசியும் ஏன் பேசவில்லை

இதுதான் என்னை மிகவும் உலுக்கிய பகுதி. எல்லாருடைய கைப்பேசியிலும் அதே செயலி இருக்கிறது. கணினி மௌனமானாலும் கைப்பேசி ஒலித்திருக்க வேண்டும்.

ஒலிக்காததற்குக் காரணம் ஒரு நல்லெண்ண ஏற்பாடு. ஒருவர் கணினியில் மும்முரமாக இருக்கிறார் என்று செயலிக்குத் தெரிந்தால், ஒரே செய்திக்கு இரண்டு இடத்தில் மணியடித்துத் தொல்லை தர வேண்டாம் என்று கைப்பேசி அறிவிப்பை நிறுத்திவைக்கும். அலுவலகச் செய்திச் செயலிகள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கணினி சொல்லியிருக்கும் என்று கைப்பேசி சும்மா இருந்தது. கணினியோ சொல்லவில்லை. எவ்வளவு ஊக்கமாக ஒருவர் வேலை செய்தாரோ அவ்வளவு உறுதியாக அவருக்குச் செய்தி எட்டவில்லை. எடை மேடைப் பெண் காலை ஏழிலிருந்து விசைப்பலகையைவிட்டுக் கை எடுக்கவில்லை, அவருடைய கைப்பேசி மதியம்வரை ஒருமுறைகூட அதிரவில்லை.

மேனேஜர் காலையிலேயே தோட்டத்துக்குள் போய்விட்டார். கணினி பூட்டியிருந்ததால் அவருக்கு மட்டும் கைப்பேசிக்கு அறிவிப்பு கிளம்பியது. உள் பிளாக்குகளில் அலைவரிசை கிடைப்பதில்லை. தோட்ட அதிகாரிக்கும் அதே கதி. மேனேஜர் பெரிய சாலைக்குத் திரும்பியபோதுதான் கைப்பேசி அதிர்ந்தது. அதன்பின் 1.05-க்கு அவர் கிராணியை அழைத்தார்.

எவ்வளவு இழப்பு, யாரால்

நியாயமாகக் கணக்கிட வேண்டும். கொதிகலன் கசிவுக்கும் கணினிக்கும் தொடர்பில்லை, அது எப்படியும் நின்றிருக்கும். எடைச் சீட்டுகளையும் புறப்பட்ட நேரங்களையும் ஒப்பிட்டால், பதினொரு லோரிகளில் மூன்று 10.40-க்கு முன்பே ஏற்றிப் புறப்பட்டுவிட்டன. மற்ற எட்டும் செய்தி எட்டியிருந்தால் ஆலைக்கு வந்திருக்காது. அந்த எட்டையும் எங்கள் கணக்கில் எழுதினேன்.

கொதிகலன் மறுபடி ஆவி கொடுத்தது இரவு ஏழு மணிக்கு. கடைசி லோரி குலையைக் கொட்டியது நள்ளிரவுக்குப் பின் ஒன்றரைக்கு. ஆய்வகச் சோதனையில் மறுநாள் எண்ணெயின் அமில அளவு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது, 5 விழுக்காட்டைத் தொடவில்லை. பணக் கணக்கில் ஆலை தப்பித்தது என்றே சொல்லலாம். லோரி ஓட்டுநர்கள் தப்பிக்கவில்லை. அவர்களுக்கு நடைக்குத்தான் கூலி, நிற்கும் நேரத்துக்கு இல்லை. தீபாவளி வாரத்தில் பிள்ளைகளோடு துணியெடுக்கக் கிள்ளானுக்குப் போக இருந்த ஒருவர், வாசலில் லோரிக்கு அடியில் பாய்விரித்துப் படுத்திருந்தார். "தம்பி, முன்பெல்லாம் ஒரு பையன் மோட்டாரில் வந்து சொல்லிவிட்டுப் போவான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எடை மேடைப் பெண்ணிடம் பேசியபோது அவர் அழவில்லை, குரல் மட்டும் கம்மியிருந்தது. "அண்ணே, செய்தி வந்திருந்தால் பார்க்காமல் இருப்பேனா? என் அப்பாவும் அந்த வரிசையில் லோரியோடு நின்றார்" என்றார்.

செய்த திருத்தங்கள்

ஏழு அலுவலகக் கணக்குகளிலும் செயலியை மறுபடி நிறுவினோம். எடை மேடையில் முழுத்திரை விதியை அணைத்து, செய்திச் செயலியை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தோம். அமைதி நிலை இயங்கினாலும் அந்தப் பட்டியலில் உள்ளவை பேசும். எடை மென்பொருளையும் முழுத்திரையிலிருந்து இறக்கிப் பெரிய சாளரமாக வைத்தோம், இப்போது கடிகாரமும் பணிப்பட்டையும் கண்ணுக்குத் தெரிகின்றன. இயந்திரச் சத்தத்தில் அந்த அறைக்குள் எதுவும் கேட்பதில்லை என்பதால் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாருடைய கைப்பேசிச் செயலியிலும், கணினியில் இருந்தாலும் அறிவிப்பு வரட்டும் என்று மாற்றினோம். இரண்டு இடத்தில் ஒலிப்பது எரிச்சல்தான், சிலர் முகம் சுளித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆலைக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். லோரியை நிறுத்தும் செய்தி என்றால் எடை மேடையும் பெரிய கிராணியும் பெயர் சொல்லிப் பதில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் அனுப்பியவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். உள் பிளாக்குகளுக்குப் போகிறவர்களுக்காகப் பழைய வாக்கிடாக்கிகளைக் கிடங்கிலிருந்து எடுத்தோம். ஆறில் நான்கு இன்னும் வேலை செய்கின்றன.

என் பட்டறையின் சோதனைத் தாளையும் மாற்றியிருக்கிறேன். இனி என் கணக்கில் சோதனை கிடையாது. அந்த மேசைக்குரியவர், தம் கணக்கில், தாம் நாள் முழுதும் திறந்துவைத்திருக்கும் திரையோடு உட்கார்ந்திருக்க, நான் வேறு அறையிலிருந்து செய்தி அனுப்புவேன். அவர் பதில் போட்ட நேரத்தை நான் எழுத வேண்டும், கையெழுத்து அவருடையது. ஒரு கணினியில் கைவைத்து மாற்றிய ஒவ்வோர் அமைப்பையும் எழுதி, கணினிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

இந்த அறிக்கையின் முதல் வடிவத்தைப் புதன்கிழமை மேனேஜரிடம் கொடுத்தேன். அறிவிப்பு மையத்தின் படத்தையும் என் நான்கு வரி நிரலையும் இணைத்திருந்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னாலேயே கிழித்தார். பிறகு எடை மேடைக்கு நடந்துபோனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் 17, காலை 10.40-க்குக் கொதிகலன் பகுதியிலிருந்து சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். எடை மேடையில் அப்போது ஒரு லோரி ஏறிக்கொண்டிருந்தது. பதினேழாவது நொடியில் பதில் வந்தது: "எடை மேடை. கேட்டது." பெரிய கிராணி நாற்பது நொடி எடுத்துக்கொண்டார். நேரத்தை முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் பதில் போட்டாராம்.